பத்திரத்தில் வைத்த கைரேகை வங்கிக் கணக்கைத் திறந்தது எப்படி? கொல்கத்தா சொல்லும் 146 ஆண்டுக் கதை

கொல்கத்தா: 2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கொல்கத்தா காவல்துறைக்கு வந்த சில புகார்கள் வழக்கமான இணைய மோசடிகளிலிருந்து வேறுபட்டிருந்தன. பணத்தை இழந்தவர்கள் எவரிடமும் ஓடிபி எண்ணைச் சொல்லியிருக்கவில்லை. சந்தேகத்துக்குரிய இணைப்பு எதையும் தொட்டிருக்கவில்லை. ஏடிஎம் அட்டை அவர்களிடமே பத்திரமாக இருந்தது. ஆனாலும், கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டுவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. ஒவ்வொரு முறையும் போன தொகை 10,000 ரூபாயைத் தாண்டவில்லை. பணத்தை எடுப்பதற்குப் பயன்பட்டது கணக்கு வைத்திருப்பவரின் சொந்தக் கைரேகை. அந்த நேரத்தில் அவர் தமது விரலை எந்தக் கருவியிலும் வைத்திருக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

விசாரணை சென்ற திசை வங்கிகளை நோக்கியதாக இல்லை. சொத்துப் பதிவு அலுவலகங்களை நோக்கியதாக இருந்தது. வீடு, மனை வாங்கியவர்களும் விற்றவர்களும் பத்திரத்தில் பதித்த விரல் ரேகைகள், இணையத்தில் கிடைக்கும் ஆவண நகல்களிலிருந்து எடுக்கப்பட்டு, ரப்பர் போன்ற பொருளில் போலி ரேகைகளாக வார்க்கப்பட்டிருந்தன. வடக்கு தினாஜ்பூர் மாவட்டத்திலிருந்து சிலர் கைது செய்யப்பட்டனர். ஆதாரில் பதிவான உடற்கூறு விவரங்களைப் பூட்டி வைக்குமாறு காவல்துறை பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது.

இந்த மோசடி மேற்கு வங்கத்துக்கு மட்டும் உரியதன்று. தெலங்கானாவில் 2018ஆம் ஆண்டிலேயே, பதிவுத்துறை இணையதளத்தில் இருந்த பத்திரங்களிலிருந்து ரேகைகளை எடுத்துப் போலியாகச் செய்து, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை இயக்கிய ஒருவர் பிடிபட்டார். எச்சரிக்கை மணி அப்போதே அடித்துவிட்டது. ஆனால், கொல்கத்தாவில் இது நிகழ்ந்ததற்குத் தனிப் பொருள் உண்டு. கைரேகையை அரசு ஆவணமாக்கும் வழக்கம் உலகுக்குப் போனதே இந்த மண்ணிலிருந்துதான். அதிலும், பத்திரப் பதிவில் ரேகை வைக்கும் வழக்கம் கொல்கத்தாவை அடுத்துள்ள ஹூக்ளியில் தொடங்கியது.

ஹூக்ளியில் பதிந்த முதல் விரல்கள்

1858ஆம் ஆண்டு ஜூலை மாதம். முந்தைய ஆண்டின் சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே நம்பிக்கை குலைந்திருந்த காலம். வங்காளத்தின் ஜங்கிபூரில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் அதிகாரி, சாலைக்குச் சரளைக்கல் வழங்க ராஜ்யதர் கோனாய் என்பவருடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். கையொப்பம் மட்டும் போதாது என்று கருதிய ஹெர்ஷல், கோனாயின் உள்ளங்கை முழுவதிலும் மை தடவி ஒப்பந்தத் தாளின் பின்புறத்தில் பதிக்கச் செய்தார். "இது என் கையொப்பமே அல்ல" என்று பின்னாளில் எவரும் மறுத்துவிடக் கூடாது என்ற அச்சமே அதற்குக் காரணம். அறிவியல் நோக்கம் எதுவும் அன்று அவருக்கு இருக்கவில்லை. மிரட்டி வைப்பதே நோக்கம் என்பதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

அதற்குப் பிறகு தம் ரேகையையும் நண்பர்களின் ரேகைகளையும் ஆண்டுக்கணக்கில் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த ஹெர்ஷலுக்கு, அவை வயதோடு மாறுவதில்லை என்பது புலப்பட்டது. 1877இல் ஹூக்ளி மாவட்ட மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது மூன்று இடங்களில் அதைப் புகுத்தினார். ஓய்வூதியம் பெறுவோர், இறந்தவரின் பெயரில் வேறொருவர் பணம் வாங்காதிருக்க, ரேகை வைக்க வேண்டும். சிறைக் கைதிகள், தமக்குப் பதில் வேறொருவர் தண்டனை அனுபவிக்காதிருக்க, ரேகை வைக்க வேண்டும். பத்திரம் பதிவு செய்வோர், பின்னர் அதை மறுக்காதிருக்க, ரேகை வைக்க வேண்டும்.

இன்றைய இந்தியாவில் கைரேகை கேட்கப்படும் இடங்களைப் பட்டியலிட்டால், ஏறத்தாழ இதே மூன்றும் அதில் முன்னணியில் நிற்கும்.

ஆயினும், ரேகைகளைச் சேர்ப்பது ஒன்று. சேர்த்து வைத்த குவியலிலிருந்து தேவையான ஒன்றைத் தேடி எடுப்பது மற்றொன்று. பெயர் தெரியாத ஒருவரின் ரேகையை ஆயிரக்கணக்கான தாள்களுடன் ஒவ்வொன்றாக ஒப்பிட இயலாது. இந்தப் புதிரை விடுவித்தவர்கள் இரண்டு வங்காளிகள். வங்கக் காவல்துறைத் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய அஜிசுல் ஹக்கும் ஹேமச்சந்திர போஸும் அவர்கள். ஹக், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்றவர்.

அவர்கள் கண்ட வழி எளிமையானது. தமிழகத்தில் விரல் நுனிகளைப் பார்த்துச் சங்கு, சக்கரம் என்று எண்ணும் வழக்கம் உண்டு. அதுபோலவே அவர்களும் பத்து விரல்களை ஐந்து இணைகளாகப் பிரித்து, எந்த விரலில் சக்கரம் இருக்கிறது, எதில் இல்லை என்று மட்டும் பார்த்தனர். ஓர் இணைக்கு நான்கு நிலைகள்தாம் சாத்தியம். ஐந்து இணைகளுக்கு நான்கை ஐந்து முறை பெருக்கினால் 1,024. எனவே பக்கத்துக்கு 32 அறைகள் கொண்ட ஒரு சதுர அலமாரி போதும். எந்த மனிதரின் தாளும் அதில் ஓர் அறைக்குள் போய் உட்கார்ந்துவிடும். தேடுபவர் அந்த ஓர் அறையை மட்டும் புரட்டினால் போதுமானது. கணினியும் மின்விளக்கும் இல்லாத அலுவலகங்களில் இயங்கிய தரவுத்தளம் இது என்று கூறினால் மிகையாகாது.

1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி கவர்னர் ஜெனரலின் கவுன்சில் இம்முறைக்கு ஒப்புதல் அளித்தது. உலகின் முதல் கைரேகைப் பிரிவு அவ்வாண்டிலேயே கல்கத்தாவில் தொடங்கியது. லண்டனின் ஸ்காட்லாந்து யார்டு நான்கு ஆண்டுகள் கழித்து, 1901இல்தான் இம்முறையைக் கைக்கொண்டது. உலகம் அதற்கு 'ஹென்றி முறை' என்று பெயரிட்டது. ஹக்குக்கும் போஸுக்கும் பட்டங்களும் தலா 5,000 ரூபாய் வெகுமதியும் கிடைத்தன. முறைக்கு உரிய பெயர் மட்டும் கிடைக்கவில்லை. பிரிட்டனின் கைரேகை நிபுணர் சங்கம் இவ்விருவர் பெயரில் ஒரு பரிசை ஏற்படுத்துவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

ரேகையை மறுத்தவர்கள்

கல்கத்தாவில் பிறந்த முறை விரைவில் கடல் கடந்தது. 1900இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா நகரங்களில் காவல்துறையை ஒழுங்கமைக்க அனுப்பப்பட்டவர் அதே எட்வர்ட் ஹென்றி. சில ஆண்டுகளில், அங்குள்ள டிரான்ஸ்வால் அரசு ஆசியர்கள் அனைவரும் ரேகை பதித்துப் பதிவுச் சீட்டு பெற வேண்டும் என்று சட்டம் கொண்டுவர முனைந்தது. 1906 செப்டம்பர் 11இல் ஜோகன்னஸ்பர்க்கின் எம்பயர் தியேட்டரில் இந்தியர்கள் கூடி அதற்குக் கீழ்ப்படிவதில்லை என உறுதி பூண்டனர். சத்தியாக்கிரகத்தின் தொடக்கம் அந்தக் கூட்டம். தமிழர்கள் பலர் இப்போராட்டத்தில் சிறை சென்றனர். கட்டாயத்தின் பேரில் அல்லாமல் தாமாக முன்வந்து பதிவு செய்துகொள்ளலாம் என்ற சமரசத்துக்கு 1908 ஜனவரியில் காந்தி உடன்பட்டார். அடுத்த மாதம் பதிவு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில், அந்தச் சமரசத்தை ஏற்காத இந்தியர்களாலேயே தாக்கப்பட்டார். கட்டாயத்துக்கும் சம்மதத்துக்கும் இடையிலான கோடு அன்றே அவ்வளவு கூர்மையாக இருந்தது.

தமிழ்நாட்டில் அதற்குக் கொடுக்கப்பட்ட விலை உயிர்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரை வட்டார மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். பிறந்த சாதியின் பேரால் ஒருவர் குற்றவாளியாகக் கருதப்பட்டு, ரேகை பதித்து, இரவில் ஊரை விட்டு வெளியே தங்குவதற்கு 'ராத்திரிச் சீட்டு' வாங்க வேண்டியிருந்தது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகைப் பதிவை எதிர்த்துத் திரண்ட பிரமலைக் கள்ளர் சமூகத்தினர் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். விரலில் மை தடவுவது வெறும் அலுவலகச் சடங்கு என்று அவர்கள் எண்ணவில்லை. ஏட்டில் ரேகை ஏறிவிட்டால், அதன் பிறகு அந்த ஏட்டை யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பது தங்கள் கையில் இல்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அடையாளம் சாவியாக மாறியபோது

கொல்கத்தாவில் 2023இல் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த இடம்தான் முக்கியமானது. பழைய முறையில் ரேகை என்பது ஓர் அடையாளம். அது இரகசியமாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. பத்திரத்தில் ரேகை இருப்பதன் பயனே, வழக்கு வந்தால் அதை எவரும் எடுத்துப் பார்க்கலாம் என்பதுதான். ஒப்பிட்டுச் சொல்வதற்கு ஒரு நிபுணர் இருந்தார்; சந்தேகம் எழுந்தால் நீதிமன்றம் இருந்தது.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் இந்த எண்ணத்தின் மீதே நிற்கிறது. அதன் 57ஆவது பிரிவின்படி, அசையாச் சொத்து ஆவணங்கள் பதியப்படும் முதலாம் புத்தகத்தை உரிய கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம், நகல் பெறலாம். மனை வாங்குவதற்கு முன் வில்லங்கம் பார்ப்பவருக்கு இது இன்றியமையாத உரிமை. பின்னர் சேர்க்கப்பட்ட 32ஏ பிரிவு, ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதற்காக, வாங்குபவரும் விற்பவரும் புகைப்படம் ஒட்டி விரல் ரேகை பதிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இரண்டும் நல்ல நோக்கத்தில் பிறந்தவை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், நாட்டில் சொத்து வாங்கிய ஒவ்வொருவரின் ரேகையும் எவரும் கேட்டுப் பெறக்கூடிய புத்தகத்தில் இருக்கிறது என்று பொருள். இது மத்தியச் சட்டம் என்பதால், தமிழ்நாட்டின் சார்பதிவாளர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும்.

புத்தகம் அலுவலக அலமாரியில் இருந்தவரை இதனால் பெருந்தீங்கு இல்லை. நகல் வேண்டுமென்றால் நேரில் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், மனு எழுத வேண்டும். அந்தத் தொல்லையே ஒரு பாதுகாப்பாக இருந்தது. ஆவணங்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையதளத்தில் ஏறியபோது அந்தப் பாதுகாப்பு போயிற்று.

இன்னொரு புறத்தில், ஏஇபிஎஸ் எனப்படும் ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனை முறை வந்தது. வங்கிக் கிளை இல்லாத சிற்றூரிலும், எழுதப் படிக்கத் தெரியாதவரும், அட்டையோ கைப்பேசியோ இல்லாமல் தம் பணத்தை எடுக்கலாம் என்பது இதன் நோக்கம். ஊரில் உள்ள வங்கி முகவரிடம் ஆதார் எண்ணையும் வங்கியின் பெயரையும் சொல்லி, கருவியில் விரலை வைத்தால் போதும். ரகசிய எண் கிடையாது, ஓடிபியும் கிடையாது. நூறு நாள் வேலைத் திட்டக் கூலியும் முதியோர் ஓய்வூதியமும் இவ்வழியே கோடிக்கணக்கானோருக்குக் கிடைக்கின்றன. அந்தப் பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது. ஆனால், ஆதார் இணைத்த கணக்குகள் பலவற்றில், கேட்காதவர்களுக்கும் இவ்வசதி திறந்தே வைக்கப்பட்டிருந்தது. கொல்கத்தாவில் அடுக்குமாடி வீடு வாங்கிய ஒருவர், வாழ்நாளில் ஒரு முறைகூட முகவரிடம் பணம் எடுத்திருக்க மாட்டார். அவர் கணக்கும் விரலுக்குத் திறந்தது.

இவ்வாறு, ஒரு துறையில் பொது ஆவணமாக இருந்த ரேகை, மற்றொரு துறையில் ரகசியச் சாவியாக ஆக்கப்பட்டது. சாவியின் படம் ஏற்கெனவே ஊர் முழுவதும் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை அந்தப் பூட்டைச் செய்தவர்கள் கணக்கில் கொள்ளவில்லை. பத்திரங்களில் ஆதார் எண்ணும் எழுதப்பட்டிருந்ததால், திருடுபவருக்குத் தேவையான இரண்டும் ஒரே தாளில் கிடைத்தன. ஆதார் ஆணையத்தின் மையத் தரவுத்தளத்திலிருந்து ரேகை கசியவில்லை என்று கூறப்படும்போது, அது உண்மையாகவே இருக்கலாம். கசிவதற்கு அது அவசியமே இல்லை.

'கைநாட்டு' என்பது தமிழில் எழுத்தறிவில்லாதவரைக் குறிக்க இளக்காரமாகப் பயன்பட்டுவந்த சொல். பட்டம் பெற்றவரும் சிம் கார்டுக்கும் ஆதாருக்கும் விரல் வைக்கும் இக்காலத்தில், அந்த இளக்காரத்துக்கு இடமில்லை. மாறாத ஒன்று உண்டு. கையெழுத்து திருடப்பட்டால் மாற்றி எழுதலாம். ரகசிய எண் வெளியானால் புதிதாக ஒன்றை வைக்கலாம். விரல்கள் பத்துதான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கு அது. 2018 செப்டம்பர் 26இல் ஆதார் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்ற ஐந்து நீதிபதிகள் அமர்வு, தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிசெய்த 57ஆவது பிரிவைச் செல்லாததாக்கியது. விந்தையான பொருத்தம்: ஆதார் சட்டத்தின் 57ஆவது பிரிவு திறந்து வைத்த கதவு மூடப்பட்டபோது, பதிவுச் சட்டத்தின் 57ஆவது பிரிவு திறந்து வைத்த கதவை எவரும் கவனிக்கவில்லை.

மேற்கு வங்க அரசும் கவனித்ததாகத் தெரியவில்லை. நலத்திட்டங்களுடன் ஆதாரை இணைப்பதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது அம்மாநில அரசு. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை ஒரு மாநில அரசு எவ்வாறு எதிர்க்கலாம் என்று 2017 அக்டோபர் 30இல் நீதிபதிகள் கேள்வி எழுப்பினர். ஆதாரால் அந்தரங்கம் பறிபோகும் என்று வாதிட்ட அதே மாநிலத்தின் பதிவு ஆவணங்களே ஆறு ஆண்டுகளுக்குப் பின் திருடர்களுக்கு மூலப்பொருளாயின.

2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தீர்க்குமா என்பது ஐயத்துக்குரியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இச்சட்டம் வகைசெய்கிறது. ஆனால், சட்டப்படி பொதுவெளியில் வெளியிட வேண்டிய கடமை உள்ளவர் வெளியிட்ட தனிநபர் தரவுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அதன் மூன்றாவது பிரிவு கூறுகிறது. எவரும் பார்வையிடலாம் எனப் பதிவுச் சட்டம் சொல்லும் ஆவணம் இந்த விலக்குக்குள் அடங்குமா என்ற கேள்வி எழுகிறது. மேலும், வசூலாகும் அபராதம் அரசின் தொகுப்பு நிதிக்குச் செல்லும். பணத்தை இழந்தவருக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது. இழப்பீடு கோர வழிசெய்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது.

காவல்துறையின் பக்கத்தில் ரேகைச் சேகரிப்பு விரிந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், விரல் ரேகையுடன் உள்ளங்கை, கருவிழி ஆகியவற்றையும் பதிவு செய்ய அனுமதிக்கிறது. அவற்றைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஹக்கின் அலமாரியில் இருந்த 1,024 அறைகளுக்கு இன்று எல்லையில்லை.

செய்யக்கூடியவை

தொழில்நுட்பத் தடுப்புகள் வந்திருக்கின்றன. கருவியில் வைக்கப்படுவது உயிருள்ள விரல்தானா என்று கண்டறியும் முறையை ஆதார் ஆணையம் 2023 பிப்ரவரியில் அறிமுகப்படுத்தியது. அதற்கு ஏழு மாதம் கழித்தும் கொல்கத்தாவில் புகார்கள் வந்தன. ஏஇபிஎஸ் முகவர்களை வங்கிகள் முறையாகச் சரிபார்க்க வேண்டும், மூன்று மாதம் இயங்காத முகவரை மீண்டும் சரிபார்த்த பின்னரே அனுமதிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் பிறப்பித்த உத்தரவு 2026 ஜனவரி 1 முதல் பொருந்துகிறது. இணையத்தில் உள்ள பத்திர நகல்களில் ரேகைகளை மறைக்கும் பணியும் நடைபெறுகிறது. ஏற்கெனவே பதிவிறக்கம் செய்யப்பட்ட நகல்களை அது திரும்பப் பெறாது.

தனிநபர் செய்யக்கூடியது, ஆணையத்தின் இணையதளத்திலோ எம்-ஆதார் செயலியிலோ ரேகை, கருவிழி, முக விவரங்களைப் பூட்டுவது. பூட்டிய பின் அவற்றை வைத்து எவரும் சரிபார்ப்புச் செய்ய இயலாது. தேவைப்படும்போது சிறிது நேரத்துக்கு மட்டும் திறந்துகொள்ளலாம். இதற்கு ஆதாருடன் இணைத்த கைப்பேசி எண் வேண்டும். நகரத்தில் வீடு வாங்கியவருக்கு இது இரண்டு நிமிட வேலை. நியாயவிலைக் கடையில் மாதந்தோறும் விரல் வைத்து அரிசி வாங்குபவரும், முகவரிடம் விரல் வைத்து ஓய்வூதியம் எடுக்கும் மூதாட்டியும் பூட்டினால், ஒவ்வொரு முறையும் யாராவது திறந்து கொடுக்க வேண்டும். திறந்து கொடுப்பதற்கு அவர்கள் பெரும்பாலும் நாடுவது அதே முகவரைத்தான்.

பணம் போய்விட்டால் காலம் முக்கியம். வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் மூன்றாம் நபரால் பணம் எடுக்கப்பட்டிருந்தால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிப்பவருக்கு எவ்விதப் பொறுப்பும் இல்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 தேதியிட்ட சுற்றறிக்கை. நான்கு முதல் ஏழு நாள்களுக்குள் என்றால் இழப்பில் ஒரு பகுதியை வாடிக்கையாளர் ஏற்க நேரிடும். அதன் பிறகு வங்கியின் கொள்கையைப் பொறுத்தது. வங்கிக்கு எழுத்து மூலம் புகார் அளிப்பதுடன், 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணிலும் தெரிவிக்க வேண்டும். குறுஞ்செய்தி பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தால் இந்த மூன்று நாள்கள் தெரியாமலேயே கடந்துவிடும் என்பதால், வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் இப்போது பயன்பாட்டில் உள்ள எண்தான் இருக்கிறதா என்று சரிபார்ப்பது பூட்டுவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை.